முட்டிக்கு ஒரு கம்பம்

"பீரங்கி ஏதாவது ஆர்டர் பண்ணினியா மாளு?" என்று கீழேயிருந்து குரல் கொடுத்தார் சாமா.

மாளவிகா மாடியிலிருந்து இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடிவந்தாள். தாமதமாகிவிட்டது. கூரியர்காரர் போய்விட்டிருந்தார். கூடத்தின் குறுக்கே நீளமான அட்டைப்பெட்டி கிடந்தது. அப்பா அதன் ஒரு முனையைக் கத்தரியால் பிரித்து முடித்திருந்தார். உள்ளேயிருந்து பளபளவென்று ஓர் எஃகுக் குழாய் எட்டிப் பார்த்தது.

சாமா அதை விரல் கணுவால் இரண்டு தட்டு தட்டினார். மின்வாரியத்தில் முப்பத்து நான்கு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். நெட்டுக்குத்தாக நிற்கக்கூடிய எதைக் கண்டாலும் தட்டிப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. கல்யாண வீட்டுப் பந்தல்காலைக்கூட விட்டதில்லை.

"கம்பம்" என்றார், தீர்ப்புச் சொல்வது போல.

"ஆமாம்பா."

"எதுக்கு?"

உண்மையைச் சொல்வதென்றால் 'போல் டான்ஸ்', கம்பத்தில் ஏறி ஆடும் ஆட்டம், என்று சொல்லவேண்டும். அந்த வார்த்தையைக் கேட்டதும் திருவையாற்றில் எவருக்கும் ஒரே காட்சிதான் தோன்றும்: சிவப்பு விளக்கு, புகை, சோபாவில் சாய்ந்திருக்கும் வில்லன், அவனுக்குப் பின்னால் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி ஆடும் ஒரு பெண். பெங்களூரில் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, வெளிச்சமான ஒரு கூடத்தில், ஒரு பல் டாக்டரும் ஒரு வங்கி மேலாளரும் இரட்டைக் குழந்தைகளின் அம்மா ஒருத்தியும் உள்ளங்கையில் வெள்ளைப் பொடி பூசிக்கொண்டு மூச்சு வாங்கக் கம்பம் ஏறுவதை அப்பாவுக்கு எப்படி விளக்குவது?

"உன் முட்டிக்குப்பா" என்றாள் மாளவிகா.

சாமா குனிந்து தன் முழங்கால்களைப் பார்த்தார். யாரோ புதிதாக அறிமுகம் செய்துவைத்தது போல, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என் முட்டிக்கு என்ன?"

"இனிமே வலி வரும் இல்லையா? வயசாறதே. இதைப் பிடிச்சுண்டு உட்கார்ந்து எழுந்தா முட்டி வலுவாகும். பெங்களூர்ல இப்ப எல்லார் ஆத்துலயும் வெச்சிருக்கா."

சாமா பெட்டிக்குள் கையை விட்டு, மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்தார். கண்ணாடியைத் தேடினார். கிடைக்கவில்லை. தாளைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"சரி. அப்ப மாட்டிடுவோம்."

*

மாளவிகாவுக்கு இருபத்தாறு வயது. பெங்களூரில் ஒரு கம்பெனியின் மென்பொருளில் மற்றவர்கள் செய்த தவறுகளைக் கண்டுபிடிப்பது அவள் வேலை. அம்மா ஆனந்தம், அண்ணன் கேஷவின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதத்துக்கு நியூஜெர்ஸி போயிருந்தாள். அந்தத் தெருவில் பாதி அம்மாக்கள் அப்போது ஏதாவதொரு அமெரிக்கக் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்குப் பால் பொங்குவதற்கு முன் அடுப்பை அணைக்கத் தெரியாது. அதனால் மாளவிகா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு திருவையாற்றுக்கே வந்துவிட்டாள்.

வந்த பிறகுதான் ஊர் எவ்வளவு தட்டை என்பது அவளுக்கு மறுபடி உறைத்தது. அந்தப் பக்கத்தில் ஏறுவதற்கு எதுவுமில்லை. ஒரு குன்று கிடையாது, ஒரு மேடு கிடையாது. வயலுக்கு அப்பால் வயல், அதற்கு அப்பால் வாய்க்கால், பிறகு மறுபடி வயல். கண் நடந்துபோய் நடந்துபோய் வானத்தின் அடியில் களைத்து உட்கார்ந்துவிடும்.

ஏழு வயதில் அவள் ஒரு மனிதர் உயரத்தில் நிற்பதைப் பார்த்திருந்தாள். எதிர்வீட்டு மின்கம்பத்தின் மேல் லைன்மேன் ரெங்கசாமி இடுப்பில் பெல்ட்டைச் சுற்றி, வெறும் பாதங்களைக் கம்பத்தில் ஊன்றி, காற்றில் சாய்ந்தபடி இருந்தார். ஈஸி சேரில் சாய்வது போல. கம்பத்துக்குக் கீழே ஃபோர்மேன் ஜெக்கரியா அண்ணாந்து பார்த்தபடி அசையாமல் நின்றிருந்தார்.

"அவர் ஏம்பா சும்மா நிக்கறார்?" என்று அப்பாவைக் கேட்டாள்.

"சும்மா நிக்கலை. அது வேலை" என்றார் சாமா.

ரெங்கசாமி இறங்கி வந்ததும் அவரிடம் ஓடினாள். "மேலேர்ந்து என்ன மாமா தெரிஞ்சுது?"

அதிகம் பேசாத ரெங்கசாமி நன்றாக யோசித்துவிட்டு, "ஒண்ணும் தெரியல பாப்பா. காத்து வந்துச்சு" என்றார்.

அந்தக் காற்று பத்தொன்பது வருடமாக அவள் தலைக்குள் எங்கோ வீசிக்கொண்டிருந்தது.

இப்போது பெங்களூர் டீச்சர் செப்டம்பரில் ஒரு நிகழ்ச்சி நடத்தப் போகிறார். அதில் மாளவிகாவுக்கு மூன்று நிமிடம் உண்டு. ஒரே நிபந்தனை: கம்பத்தில் தலைகீழாகத் தொங்கிப் பத்து நொடி அசையாமல் இருக்கவேண்டும். அதைப் படம் பிடித்து ஆகஸ்ட் மூன்றாம் தேதி பகல் பன்னிரண்டுக்குள் அனுப்பவேண்டும். இல்லையென்றால் அந்த மூன்று நிமிடம் பல் டாக்டருக்குப் போய்விடும்.

அவள் தலைகீழாகிப் பார்த்தது ஒரே ஒருமுறைதான். வகுப்பில் சேர்ந்த மூன்றாவது வாரம், டீச்சர் இல்லாத நேரம், யாருமில்லாத கூடம். மூன்று நொடி தொங்கினாள். நான்காவது நொடியில் தரையில் கிடந்தாள். தோள்பட்டை இரண்டு மாதம் பேசிக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு கால் தரையை விட்டு எழும்போதெல்லாம் வயிற்றுக்குள் ஒரு கை வந்து அவளைக் கீழே இழுத்தது.

*

கேஷவ் வேலைக்குப் போன வருடம் கட்டிய மாடி அறைக்குத்தான் கான்கிரீட் கூரை. அங்கே தரைக்கும் கூரைக்கும் நடுவில் கம்பத்தை நிறுத்தி, அடியில் இருந்த வளையத்தை முறுக்க முறுக்க, அது இரண்டு பக்கமும் அழுந்திக்கொண்டு நின்றது. ஜன்னலுக்கு வெளியே தென்னந்தலைகள், அதற்கு அப்பால் காவிரி. மேட்டூரில் திறந்த தண்ணீர் அந்த வாரம்தான் வந்து சேர்ந்திருந்தது. மணல் நனையும் வாசனை அறை முழுக்க இருந்தது.

மாளவிகா கம்பத்தின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள். சில்லென்று இருந்தது.

மறுநாள் காலை அவள் கீழே இறங்கியபோது, சாமா சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் நொண்டிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா ஆச்சு?"

"நீ சொன்னது சரிதான். ராத்திரி பிடிச்சுண்டுடுத்து. வலது முட்டி." சுவரைப் பிடித்துக்கொண்டார். "வா, கம்பத்துல என்ன செய்யணும்னு காட்டு."

மாளவிகா அவர் காலைப் பார்த்தாள். நேற்றுவரை சைக்கிளில் கண்டியூர் போய் வந்த மனிதர். தன் வாயிலிருந்து விழுந்த ஒரு பொய், நேராகப் போய் அவர் காலில் உட்கார்ந்துகொண்டதா?

குற்ற உணர்ச்சியில் அவரைக் கைத்தாங்கலாக மாடிக்கு அழைத்துப் போனாள். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பத்து முறை உட்கார்ந்து எழச் சொல்லிக்கொடுத்தாள். அதைச் செய்து முடித்த சாமா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்தார். பத்து மணிக்கு அவளுக்கு ஆபீஸ் மீட்டிங் தொடங்கும்வரை அங்கேயே இருந்தார். சாயங்காலம் அவள் மாடிப்படியில் கால் வைத்ததும் பின்னாலேயே நொண்டி வந்தார்.

"முட்டி கேக்கறது" என்றார்.

நான்கு நாள் பொறுத்தாள். ஐந்தாம் நாள் ஒரு யோசனை வந்தது.

"அப்பா, இந்த மாதிரி பயிற்சியெல்லாம் தனியா செய்யப்படாது. சலிச்சுப் போயிடும். ஹாஜா மாமாவோட ஆத்தங்கரைல காலாற நடந்துட்டு வாயேன். அதுவும் முட்டிக்கு நல்லது."

"ஆமாம், தனியா செய்யப்படாது" என்று சாமா உடனே ஒப்புக்கொண்டது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. ஹார்டுவேர் கடை ஹாஜா மைதீன் நின்றிருந்தார். ஷார்ஜாவில் பன்னிரண்டு வருடம் கட்டட வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். ஒரு கையில் ரசமட்டம், மறுகையில் சுருட்டிய ஃபோம் மெத்தை.

"சாமா சார் சொன்னாரும்மா. எனக்கும் இடது முட்டி. ஷார்ஜா குளிர்."

"ஷார்ஜால குளிரா மாமா?"

"ஏசி குளிரும்மா" என்றபடி அவர் படியேறினார். முதலில் ரசமட்டத்தைக் கம்பத்தில் வைத்துப் பார்த்தார். அடிவளையத்தை அரைச் சுற்று முறுக்கினார். பிறகு கம்பத்தைச் சுற்றி மெத்தையை விரித்தார். "தரையில உக்காந்தா முட்டிக்கு ஆகாது."

*

முட்டி வலி திருவையாற்றில் அம்மை போலப் பரவியது. அடுத்த வாரம் ஜெக்கரியா வந்தார். மகன்கள் மஸ்கட்டில், மனைவி மகன்களோடு. அவர் இரண்டு மெத்தை கொண்டுவந்தார். "எனக்கு ரெண்டு முட்டியும் போச்சும்மா. அதான் ரெண்டு" என்றார். அதற்கடுத்த நாள் அவருக்குப் பின்னால் ரெங்கசாமி வந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டார்.

"லைன்மேன் மாமாவுக்கும் முட்டியா?" என்றாள் மாளவிகா பலவீனமாக.

"அவனுக்கு ரொம்ப நாளா" என்று ஜெக்கரியா பதில் சொன்னார். "சொல்லிக்க மாட்டான்."

காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம். வீட்டு வேலைக்கு வரும் நாகம்மாள் நாலு டம்ளர் காபியோடு படியேறும்போதெல்லாம் முணுமுணுத்தாள்: "கால் வலிக்காரங்களுக்கு உக்கார மாடிதான் கெடைச்சுதா?"

மாளவிகா இவர்களை விரட்டத் தீர்மானித்தாள். கடினமான பயிற்சிகளைச் சொன்னால் ஓடிவிடுவார்கள்.

"இன்னிக்குப் புதுசு. முழங்கையைத் தரையில ஊணிண்டு, உடம்பைப் பலகை மாதிரி நேரா வெச்சுக்கணும். ஒரு நிமிஷம்."

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"புரியலையேம்மா" என்றார் ஹாஜா மைதீன். "நீ செஞ்சு காட்டு. பாத்துட்டுப் போய் வீட்டுல செய்யறோம்."

அவள் செய்துகாட்டினாள். ஜெக்கரியா வேலைத்தளத்துக் குரலில் எண்ணினார். இருபத்தெட்டில் அவள் சரிந்தாள்.

"நாளைக்கு மறுபடி காட்டும்மா. இருபத்தெட்டுக்கு மேல என்ன ஆவுதுன்னு தெரியல."

மறுநாள் முப்பத்தைந்து. அதற்கு மறுநாள் நாற்பது. கம்பத்தை இரண்டு கைகளாலும் பற்றிக் காலைத் தூக்கித் தொங்கச் சொன்னாள். அதையும் அவளே காட்டவேண்டியதாயிற்று. தொங்கியபடி முழங்காலை நெஞ்சுவரை இழுக்கச் சொன்னாள். அதையும்தான். வலது பக்கம் செய்தால், "இடது பக்கம் எப்படி வரும்?" என்றார் சாமா, செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து. "இடது முட்டிக்காரர் ஒருத்தர் இருக்காரே."

இப்படியே ஆனி முடிந்தது. மாளவிகா நாற்பது நொடி தொங்கினாள், ஒன்றரை நிமிடம் பலகையாக நின்றாள், சுவரில் கையூன்றி முப்பது முறை தள்ளினாள். தலைகீழாக மட்டும் ஒருமுறைகூடத் திரும்ப முடியவில்லை. நால்வரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படிக் காலை மேலே தூக்குவது? இரவில் படுத்துக்கொண்டு உள்ளங்கையில் புதிதாக முளைத்த காய்ப்புகளைத் தடவிப் பார்ப்பாள். தூக்கத்தில் ஒரு கனவு வரும்: வயலெல்லாம் நட்ட நாற்று, நாற்றுக்கு நடுவே வரிசையாக எஃகுக் கம்பங்கள், ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் ஒருவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அவள் சொன்ன பொய் காவிரியில் மிதந்து, படித்துறை படித்துறையாக ஒதுங்கி, கும்பகோணத்தைத் தாண்டி, குத்தாலம்வரை முட்டிகளைப் பிடித்துக்கொண்டே போகும்.

*

ஒருநாள் மதியம் இரண்டு மணி. ஊரே உறங்கிக்கொண்டிருந்தது. சாமாவின் குறட்டை கூடத்திலிருந்து ஒழுங்காக வந்தது. மாளவிகா கால்சராயை மாற்றிக்கொண்டு, பூனை போலப் படியேறி, கதவைச் சாத்தினாள். கம்பத்தைப் பற்றி, மூச்சை இழுத்து, எம்பினாள்.

கை நிற்கவில்லை. மெதுவாக, மரியாதையாக, மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டே வந்து மெத்தையில் பொத்தென்று உட்கார்ந்தாள். உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள். தேங்காய் எண்ணெய்.

கதவு திறந்தது. நான்கு தலைகள் தெரிந்தன. அந்த நேரத்தில் நால்வரும் எப்படி அங்கே இருந்தார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை.

"முட்டி திடீர்னு பிடிச்சுது" என்றார் சாமா மூச்சு வாங்க. "அடி பட்டுதா?"

"இல்லப்பா. தூசி தட்டலாம்னு..."

நாகம்மாள் பின்னாலிருந்து பெருமையாகச் சொன்னாள்: "நாந்தாம்மா காலையில எண்ணெய் போட்டுத் தொடைச்சேன். ஆத்துக் காத்துக்குத் துரு புடிக்கும்ல?"

சாமா யாரிடமும் குரலை உயர்த்தி மாளவிகா கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டாள்.

"கம்பத்துல எண்ணெய் தடவலாமா நாகம்மா? ஏதாவது ஒண்ணு ஆகியிருந்தா? போய் சோப்புத் தண்ணி கொண்டா!"

அன்று மாலை முழுவதும் சாமாவே கம்பத்தைத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துணியால் துடைத்து, பிறகு தன் உள்ளங்கையால் பற்றிப் பார்த்தார். பாவம், கை வழுக்கி விழுந்துவிடுவோம் என்று எவ்வளவு பயம் இவருக்கு, என்று மாளவிகா நினைத்தாள். அவள் கண் கலங்கியது.

கலங்கிய கண்ணோடு அடுத்த தவறைச் செய்தாள். தஞ்சாவூரில் ஓர் எலும்பு மருத்துவரிடம் நால்வருக்கும் சேர்த்து நேரம் வாங்கினாள். மருத்துவர் ஓய்வெடுக்கச் சொன்னால் படியேற மாட்டார்கள்; அறை காலியாகும்; வலிக்கும் ஒரு வழி பிறக்கும்.

நால்வரும் பஸ் ஏறிப் போனார்கள். சரியாக இரண்டு மணி நேரத்தில் திரும்பி வந்தார்கள்.

"என்ன சொன்னார்?"

"படி ஏறி இறங்கச் சொல்றார்" என்றார் சாமா.

"கம்பம் ரொம்ப நல்லதுன்னாரு" என்றார் ஹாஜா மைதீன்.

"மதியமும் ஒரு தடவ போங்கன்னாரு" என்றார் ஜெக்கரியா.

ரெங்கசாமி கதவோரம் நின்றபடி கூரையைப் பார்த்தார்.

"மருந்துச் சீட்டு?"

"பஸ்ல பறந்துடுத்து" என்றார் சாமா.

*

ஆகஸ்ட் மூன்று, ஞாயிற்றுக்கிழமை, ஆடிப்பெருக்கு. பன்னிரண்டு மணி கடைசி நேரம். மாளவிகா காலை நான்கரைக்கே எழுந்து எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், புளியோதரை, தயிர் சாதம் என்று நாலு தூக்குகளில் நிரப்பினாள். அதில் புளியோதரை கொஞ்சம் தீய்ந்துவிட்டது.

"அப்பா, இன்னிக்கு எல்லாரும் ஆத்தங்கரைல சாப்பிடணும். மாமாவையெல்லாம் அழைச்சுண்டு போ. ஒரு மணிக்கு முன்னாடி வரப்படாது. ஆத்துத் தண்ணில காலை வெச்சுண்டு உட்கார்ந்தா முட்டிக்கு நல்லது."

"நீ வரலையா?"

"மீட்டிங்."

"ஞாயித்துக்கிழமையா?"

"அமெரிக்காவோட."

சாமா மாடிப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "சரி, ஜாக்கிரதை" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூக்குகளை எடுத்துக்கொண்டார்.

பத்தே முக்காலுக்குத் தெரு வெறிச்சென்று இருந்தது. மாளவிகா மாடி அறையில் இருபது நிமிடம் உடம்பைச் சூடேற்றினாள். கம்பத்தை உலுக்கிப் பார்த்தாள். அசையவில்லை. துணியால் துடைத்தாள். செல்போனை ஜன்னலோரம் சாய்த்து வைத்தாள். கதவைச் சாத்தத் திரும்பியபோது, வாசல்படியில் வெறும் காலோடு ரெங்கசாமி நின்றிருந்தார்.

"மாமா! நீங்க போகலையா?"

அவர் தலையை இல்லை என்று ஆட்டினார்.

மணி பதினொன்று பத்து. மாளவிகாவுக்கு அழுகை வந்தது. தரையில் உட்கார்ந்து ஏழு வாரத்துப் பொய்யையும் கொட்டித் தீர்த்தாள்.

"இது முட்டிக்கு இல்ல மாமா. எனக்கு. இது ஒரு டான்ஸ். சினிமால வர மாதிரி இல்ல, ஆனா அதேதான். இன்னிக்குப் பன்னண்டுக்குள்ள நான் இதுல தலைகீழாத் தொங்கணும். ஒரு தடவ விழுந்துட்டேன். அதுலேர்ந்து பயமா இருக்கு. அப்பாகிட்ட சொல்லத் தைரியமில்லாம உன் முட்டிக்குன்னு சொல்லிட்டேன். அவருக்கு நிஜமாவே முட்டி போயிடுத்து. அப்புறம் உங்க எல்லாருக்கும்..."

ரெங்கசாமி நிதானமாகக் கேட்டார். அவள் முடித்ததும் கேட்டது ஒன்றுதான்.

"எவ்வளவு நேரம் தொங்கணும்?"

"பத்து நொடி."

"ஏறுங்க."

அவள் தயங்கினாள். "அரைக்கால் சட்டைதான் போட்டுக்கணும் மாமா. தோல் பட்டாத்தான் கம்பம் பிடிக்கும். துணி வழுக்கும்."

"பின்ன? நாங்களும் செருப்புப் போட்டுக்கிட்டா ஏறுவோம்?" என்றார் ரெங்கசாமி. கம்பத்துக்குக் கீழே, மெத்தையின் விளிம்பில் வந்து நின்று அண்ணாந்தார்.

மாளவிகா செல்போனில் பதிவை அழுத்திவிட்டு வந்து கம்பத்தைப் பற்றினாள். தோளைக் கீழே இறக்கி இறுக்கினாள். எம்பினாள். வயிற்றுக்குள் அந்தக் கை வரும் என்று காத்திருந்தாள். அது வரவில்லை. அதன் இடத்தில் வேறு ஏதோ இருந்தது: ஏழு வாரத்துப் பலகைகளும் தொங்கல்களும், கெட்டியாக, கோவில் கல் போல. முழங்கால்கள் நெஞ்சுக்கு வந்தன. இடுப்பு எடையில்லாமல் மேலே போனது. கால்கள் இரண்டும் கவட்டை போல விரிந்து, வலது முழங்காலின் பின்மடிப்பு கம்பத்தைக் கவ்விக்கொண்டது. கடைசியில் அந்தக் கம்பம் ஒரு முட்டிக்குத்தான் பயன்பட்டது.

"ஒண்ணு" என்றார் ரெங்கசாமி.

கையை விட்டாள்.

ஜன்னலில் உலகம் திரும்பி நின்றது. மேலே காவிரி, ஆடிப் பதினெட்டின் கலங்கிய நிறைந்த தண்ணீர், கூரை நெடுகப் புரண்டு ஓடியது. அதிலிருந்து தென்னைகள் சரவிளக்குகள் போலத் தொங்கின. படித்துறையில் ஊர் மொத்தமும் தலைகீழாக நின்று மாலைகளை மேல்நோக்கி விட்டுக்கொண்டிருந்தது. கீழே வானம், ஒரு வரப்புமில்லாத வயலாக, தண்ணீர் கட்டி மின்னியது. தட்டையான ஊர் என்று யார் சொன்னது?

"ஆறு... ஏழு..."

ஜன்னல் வழியே காற்று வந்து அவள் தொங்கும் கூந்தலைக் கொஞ்சம் ஆட்டியது.

"பத்து. மெதுவா."

கைகளைக் கம்பத்தில் வைத்து, ஒவ்வொரு காலாக எடுத்து, சத்தமில்லாமல் மெத்தையில் இறங்கினாள். செல்போனைப் பார்த்தாள். எல்லாம் பதிவாகியிருந்தது. பன்னிரண்டுக்குப் பதினெட்டு நிமிடம் இருக்கும்போது அனுப்பினாள். அவசரத்தில் இருமுறை அனுப்பிவிட்டாள்.

"மேலேர்ந்து என்ன பாப்பா தெரிஞ்சுது?" என்று கேட்டார் ரெங்கசாமி.

மாளவிகா சிரித்தாள். அழுகையும் கூடவே வந்தது. "காத்து வந்தது மாமா."

அவர் தலையாட்டினார். சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளையும் பென்சில் துண்டையும் எடுத்து, அன்றைய தேதிக்கு எதிரே ஒரு கோடு போட்டார்.

மாளவிகா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மாமா, ஒரு உதவி. அப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன். ஆனா ஹாஜா மாமாவும் ஜெக்கரியா அங்கிளும் பாவம். இந்தக் கம்பத்தை நம்பி, அவ்வளவு வலியோட, தினம் மூணு வேளை இருபத்திரண்டு படி ஏறி வந்தாங்க. அவங்ககிட்ட நான் எப்படிச் சொல்வேன்?"

ரெங்கசாமி தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். குனிந்து, கம்பத்தின் அடிவளையத்தைக் கால் சுற்று முறுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"எங்க நாலு பேருக்கும் முட்டி வலியே கெடையாது பாப்பா, கம்பத்துல ஆள் ஏறுனா கீழ ஒரு ஆள் நிக்கணும்னு பொட்டி வந்த அன்னைக்கே அதுல இருந்த தாளைப் படிச்சுட்டு சார் டூட்டி போட்டுட்டாரு, இன்னைக்கு என் முறை."